இன்னும் நாலு வளையல்

என் தங்கையின் கணவர் வருடத்துக்கு மூன்று முறை அழகர்கோவிலில் மொட்டை போடுவார். சித்திரையில் ஒன்று, ஆடியில் ஒன்று, தையில் ஒன்று. முடி கொஞ்சம் தலைகாட்டியதும் மறுபடி பஸ் ஏறிவிடுவார். கல்யாணத்தன்று அவருக்குத் தலை நிறையச் சுருட்டை முடி. பின்னால் அதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். பார்க்கும்போதெல்லாம் நான் கேலி செய்வேன். “மாப்ள, அழகருக்கே சலிச்சிரும். போதும்ப்பா, முடி வச்சுக்கன்னு அவரே சொல்லப் போறாரு பாருங்க” என்பேன். அவர் சந்தனம் காயாத தலையைத் தடவிக்கொண்டு சிரிப்பார். “மதினிக்கு என் மண்டைய வம்புக்கு இழுக்கலைன்னா சோறு எறங்காது” என்பார்.

வேண்டுதல் அவர் மகளுக்காக. அவளுக்கு இடது பாதம் முழுதாகத் தரையில் பதியாது. விரல் நுனியை ஊன்றித்தான் நடப்பாள். இடது கை மார்போடு மடங்கியே இருக்கும். புத்தி படு சுட்டி, வாய் என்னைப் போல. அந்தக் காலும் கையும் அப்படி ஆனதற்குக் காரணம் நான். அது எனக்குத் தெரியும், என் தங்கைக்குத் தெரியும். மொட்டை போட்ட மனிதருக்கு ஒன்பது வருடம் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டவளும் நான்தான்.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் ஸ்கூட்டி வாங்கினேன். அப்போது தாலுகா ஆபீசில் குமாஸ்தா. மதுரை காளவாசலில் காலையும் மாலையும் பஸ்ஸுக்கு நின்று நின்று கால் கடுத்துப்போய் எடுத்த முடிவு அது. வீட்டுக்காரர் இரண்டு ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் வைத்துப் பழக்கினார். மூன்றாவது ஞாயிறு அவரையே பின்னால் உட்காரவைத்து ஓட்டினேன். எங்கள் தெருவில் வண்டி ஓட்டிய முதல் பெண் நான். அந்தத் திமிர் என்னிடம் நிறையவே இருந்தது. யாராவது “பாத்துப் போம்மா” என்றால் சுருக்கென்று கோபம் வரும். ஆம்பளைகளிடம் இப்படிச் சொல்வீர்களா என்று திருப்பிக் கேட்பேன். கேள்வி சரியான கேள்விதான். ஆனால் சரியாகக் கேள்வி கேட்கிறவள் சரியாக வண்டி ஓட்டுவாள் என்று யார் சொன்னது?

தங்கை என்னைவிட ஆறு வயது சின்னவள். வாடிப்பட்டியில் தோட்டமும் பம்புசெட்டும் உள்ள வீட்டில் கட்டிக்கொடுத்திருந்தோம். கல்யாணமாகி மூன்று வருடம் கழித்து உண்டானாள். ஏழாம் மாதம் ஐப்பசியில் வந்தது. வளைகாப்புக்கு நாள் குறித்தார்கள். எங்கள் பக்கம் வளைகாப்பு மாமியார் வீட்டில் நடக்கும். முடிந்த கையோடு பிள்ளைத்தாச்சியைப் பிறந்த வீட்டுக்கு அழைத்து வந்துவிட வேண்டும். முதலில் வேப்பங்குச்சியை வளைத்து ஒரு காப்பு போடுவார்கள். அதன்மேல் கண்ணாடி வளையல்கள், இரண்டு கையிலும் முழங்கையைத் தொடும் அளவுக்கு. தங்கைக்குப் போட்டது பச்சையும் சிவப்பும், தங்கப் பொட்டு வைத்தது. அவள் மாமியாரே மதுரைக்கு வந்து கடை கடையாக ஏறி எடுத்தவை. அந்த வளையலைப் பிள்ளை பிறக்கும்வரை கழற்றக் கூடாது. வயிற்றுக்குள் இருக்கும் குழந்தை அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கும் என்பார்கள். ஒன்றிரண்டு உடைந்தால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மொத்தமாக உடைந்தால் பேச்சு வரும்.

பந்தி முடிந்து நாங்கள் கிளம்பும்போது நல்ல வெயில். எங்கள் ஆட்கள் வந்த வேனில் தங்கையை ஏற்றினோம். மருமகளைக் கொண்டுவந்து விட அவள் மாமியாரும் ஏறிக்கொண்டார். வேன் தெருமுனை திரும்புவதற்குள் டீசல் நாற்றம் பிடிக்காமல் தங்கை இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டாள். நான் பின்னாலேயே ஸ்கூட்டியில் வந்துகொண்டிருந்தேன். அவள் ஜன்னலில் தலையைச் சாய்த்திருந்ததைப் பார்த்து வேனை நிறுத்தச் சொல்லி வண்டியை ஓரங்கட்டினேன்.

“எறங்கு. எங்கூட வா. காத்தாடப் போவோம்” என்றேன்.

அம்மா கூடாது என்றாள். தங்கையின் மாமியார் கூடவே கூடாது என்றார். “ஏழு மாசப் பிள்ளத்தாச்சி. சின்ன வண்டியில எப்பிடிம்மா?” என்றார். நான் விடவில்லை. திண்டுக்கல் ரோட்டில் லாரியாக வருகிறது, அதனால் சோழவந்தான் வழியாக மேலக்கால் ரோட்டைப் பிடித்துப் பதவிசாக வருகிறேன், எறும்பு ஊர்வது மாதிரி ஓட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். தங்கையும் வேனிலிருந்து இறங்கினால் போதும் என்று இருந்தாள். பட்டுச்சேலையை ஒதுக்கிக்கொண்டு பக்கவாட்டில் உட்கார்ந்தாள். வளையல் நிறைந்த கையால் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். ஊர் எல்லை தாண்டியதும் அவளுக்கு முகம் தெளிந்துவிட்டது. என் காதருகே ஏதேதோ பேசிச் சிரித்துக்கொண்டு வந்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பார்த்தீர்களா, யார் சொன்னது சரி என்று மனசுக்குள் வேனில் போனவர்களோடு வழக்காடிக்கொண்டே ஓட்டினேன்.

சோழவந்தான் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ரோட்டின் பாதியை அடைத்து உளுந்துச் செடியைப் பரப்பியிருந்தார்கள். போகிற வருகிற வண்டிகள் ஏறி மிதித்தால் நெற்று உடைந்து உளுந்து உதிரும், அடிக்கிற வேலை மிச்சம். அறுவடைக் காலத்தில் எங்கள் பக்கம் எல்லா ரோட்டிலும் இதுதான். செடி ஒதுங்கிவிடாமல் இருக்க ஓரத்தில் கல்லை வரிசையாக வைத்திருப்பார்கள். காலையில் தூறல் விழுந்திருந்தது. செடி நசநசவென்று கிடந்தது.

“அக்கா, நிப்பாட்டு. நான் எறங்கி நடந்துக்கிறேன்” என்றாள் தங்கை.

“உக்காருடி. தெனமும் இது மேலதான ஓட்டுறேன்” என்றேன். அது பொய். தினமும் நான் ஓட்டுவது தார் ரோட்டில், காளவாசலிலிருந்து ஆபீசுக்கு.

முன்சக்கரம் செடியில் ஏறியதும் வாரிக்கொண்டு போனது. பிரேக்கைப் பிடித்தேன். பிடித்திருக்கக் கூடாது என்று பிறகு வீட்டுக்காரர் வேறு ஏதோ பேச்சில் பொதுவாகச் சொன்னார். வண்டி இடது பக்கம் சாய்ந்தது. நான் செடிமேல் விழுந்தேன். அவள் ஓரத்துக் கல்லின்மேல் விழுந்தாள். இடுப்புக்கு மேலே, வயிற்றின் பக்கவாட்டில் கல் பட்டது. கையை ஊன்றியதில் இரண்டு கை வளையலும் கலகலவென்று நொறுங்கின. எனக்கு முதலில் கேட்டது அவள் சத்தமில்லை, வளையல் சத்தம்.

வயலில் நின்ற ஒரு அம்மா ஓடிவந்து அவளைத் தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். “பிள்ளத்தாச்சிம்மா. மொதல்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க” என்றார். நான் அவர்மேல் பாய்ந்தேன். “ரோட்டுல செடியப் போட்டு ஆளக் கவுத்துட்டு எங்களுக்கு வழி சொல்றீகளாக்கும்” என்றேன். அந்த அம்மா தங்கையின் சேலையில் ஒட்டியிருந்த செடியை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கு அந்த ரோட்டில் அறிவோடு பேசிய ஒரே ஆள் அவர்தான்.

“எங்கடி வலிக்குது?”

“ஒண்ணுமில்லக்கா. கைதான் எரியுது.” வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். ரத்தம் கையில் மட்டும்தான் இருந்தது. அவள் கண் கைமேலேயே இருந்தது. வலது கையில் மூன்று மிச்சம். இடது கையில் வேப்பங்காப்போடு ஐந்து. “அத்தை பாத்தாகன்னா அம்புட்டுத்தான்” என்றாள்.

பல வருடம் நான் எனக்குள்ளே சொல்லிக்கொண்டது, வளையல் வாங்கலாம் என்று அவள்தான் சொன்னாள் என்று. இல்லை. அவள் பயந்தாள், அவ்வளவுதான். யோசனை என்னுடையது. காளவாசலில் ஒரு பேன்சி ஸ்டோரில் இதே மாதிரி பச்சை சிவப்பு கிடைக்கும், போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம், யாருக்கும் தெரியாது என்று நான்தான் சொன்னேன். ரோட்டோரப் பம்புசெட்டில் அவள் கையைக் கழுவிவிட்டு, சேலைக் கறையைத் தேய்த்துவிட்டு, மறுபடியும் அதே வண்டியில் ஏற்றினேன். காளவாசலுக்குப் போகிற வழியில் இரண்டு ஆஸ்பத்திரிப் போர்டுகளைத் தாண்டினோம்.

கடையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். நிறம் கிடைத்தது, பொட்டும் கிடைத்தது, அளவு பொருந்தவில்லை. கர்ப்பத்தில் கை வீங்கியிருந்தது. அடிபட்ட வீக்கமும் சேர்ந்துகொண்டது. கடைக்காரர் பொறுமைசாலி. கையை மெல்ல அமுக்கி, சோப்புத் தண்ணீர் தடவி, ஒவ்வொன்றாக ஏற்றினார். “கீறல் இம்புட்டு இருக்கேம்மா” என்றார். “பழைய வளையல் கழட்டயில உடைஞ்சிருச்சு” என்றேன். எனக்கு அன்றைக்குப் பொய் தண்ணீர் பட்டபாடாக வந்தது. ஒரு கையில் ஒற்றைப்படை வர வேண்டும் என்று எண்ணி எண்ணிப் போடச் சொன்னேன். இரண்டாவது கை பாதியில் இருக்கும்போது தங்கை என் முந்தானையைப் பிடித்தாள்.

“அக்கா, வயித்துல இழுத்துப் பிடிக்கிற மாதிரி இருக்கு.”

“கொஞ்சம் பொறு. இன்னும் நாலு வளையல்தான்” என்றேன்.

அந்த நாலு வளையலையும் போட்டு முடிக்கிற வரைக்கும் அவள் வாய் திறக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு கடையில் தொங்கிய ரிப்பன்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னால் கேட்கிற பிள்ளை அவள். எப்போதும் அக்கா சொன்னால் சரி.

வீட்டுக்குப் போனபோது வேன் வந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. வண்டி பஞ்சர் என்றேன். அவள் மாமியார் “நான் அப்பவே சொன்னேன்” என்று முணுமுணுத்தார். என் முழங்கைச் சிராய்ப்பை முந்தானையால் மூடிக்கொண்டேன். அம்மா ஆரத்தி எடுத்தாள். ஒருவரும் வளையலைக் கவனிக்கவில்லை. காரியம் கச்சிதமாக முடிந்தது என்று எனக்கு நிம்மதிகூட வந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் வந்தது.

அரை மணி நேரத்தில் தங்கை கட்டிலில் சுருண்டுவிட்டாள். வயிற்றில் கை வைத்த அம்மா பயந்துபோனாள். “பலகை மாதிரி இருக்குடி” என்றாள். ஆட்டோ பிடித்துப் பக்கத்திலிருந்த நர்சிங் ஹோமுக்கு ஓடினோம். அம்மா, தங்கையின் மாமியார், நான். டாக்டரம்மா சோதித்துவிட்டு எல்லோரும் கேட்கிற கேள்வியைத்தான் கேட்டார்.

“எங்கயாவது விழுந்தீங்களா? வயித்துல அடி கிடி பட்டுச்சா?”

தங்கை என்னைப் பார்த்தாள். வலியில் கண் நிறைந்திருந்தது. நான் என்ன சொல்கிறேனோ அதையே சொல்லக் காத்திருந்தாள். ஒரு பக்கம் அவள் மாமியார், இன்னொரு பக்கம் அம்மா. என் வாய் தானாகத் திறந்தது.

“இல்ல டாக்டர். அப்பிடியெல்லாம் ஒண்ணுமில்ல.”

தங்கையும் இல்லை என்று தலையை ஆட்டினாள்.

ரத்தப்போக்கு வெளியே தெரியவில்லை. அதனால் நாள் ஆகாமல் வந்த வலி என்று எடுத்துக்கொண்டு, வலியை நிறுத்த ஊசி போட்டு, டிரிப் ஏற்றிப் படுக்கவைத்தார்கள். அப்படி இரண்டு மணி நேரம் போனது. நான் பெஞ்சில் உட்கார்ந்து, சரியாகிவிடும், சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எழுந்து பத்தடி நடந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். பத்தடி நடக்கவில்லை. எதற்குப் பயந்தேன் என்று இன்றைக்கு நினைத்துப் பார்க்கிறேன். தங்கையின் உயிருக்கு இல்லை. “நான் அப்பவே சொன்னேன்” என்று அந்த அம்மாள் இன்னொரு முறை சொல்லிவிடுவாரே என்றுதான் பயந்தேன்.

உள்ளே இருந்த நர்ஸ் கெட்டிக்காரி. ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போகிறது, ஆள் வெளுத்துக்கொண்டே வருகிறாள். ஊசி ஏற்றிய கையில் வளையல் இடைஞ்சலாக இருக்கிறது என்று கழற்றியிருக்கிறாள். வளையலுக்கு அடியில் வரிவரியாகக் கீறல். ஒரு இடத்தில் கண்ணாடித் தூள். வளையலோ கடையிலிருந்து வந்த மெருகு குலையாமல் இருந்தது. சேலையை விலக்கிப் பார்த்திருக்கிறாள். இடுப்புக்கு மேலே கருநீலமாகக் கன்றிப்போயிருந்தது. வெளியே வந்து என்னை மட்டும் ஓரமாகக் கூப்பிட்டாள். என் முழங்கையைப் பார்த்தாள்.

“எப்ப விழுந்தீங்க?” என்றாள். விழுந்தீர்களா என்று கேட்கவில்லை.

சொன்னேன். அவள் ஓடினாள். பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. அடிபட்டதில் கர்ப்பப்பையிலிருந்து நஞ்சுக்கொடி பிரிந்து உள்ளுக்குள்ளேயே ரத்தம் சேர்ந்திருக்கிறது. பிள்ளைக்குப் போக வேண்டிய மூச்சு அந்த நேரமெல்லாம் குறைந்துகொண்டே இருந்திருக்கிறது. டாக்டரம்மா தியேட்டர் வாசலில் என்னை மட்டும் கூப்பிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: “படிச்சவங்கதான நீங்க? வந்ததும் சொல்லியிருந்தா அப்பவே எடுத்திருப்பேன்.” நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, வீட்டு ஆட்களிடம் சொல்லிவிடாதீர்கள் என்று கெஞ்சினேன். அந்த நேரத்திலும் அதைத்தான் கெஞ்சினேன். அவர் கையை உதறிவிட்டு உள்ளே போனார்.

மாப்பிள்ளை வாடிப்பட்டியிலிருந்து சேக்காளிகள் ஏழெட்டுப் பேரோடு ரத்தம் கொடுக்க வந்து சேர்ந்தார். வந்ததும் கையெழுத்துக் கேட்டார்கள். ரத்தம் நிற்கவில்லை, கர்ப்பப்பையை எடுத்தால்தான் தாய் பிழைப்பாள் என்றார்கள். அவர் பேனாவை வாங்கிக்கொண்டு என்னிடம் திரும்பி, “மதினி, போடவா?” என்றார். படித்தவள், ஆபீசில் வேலை பார்க்கிறவள் என்று என்மேல் அவருக்கு மரியாதை. “போடுங்க மாப்ள” என்றேன்.

தங்கை பிழைத்தாள். பிள்ளை உடனே அழவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மாதத்துக்கும் மேல் இருந்தது. அதுவும் பிழைத்தது. உட்கார வேண்டிய மாதத்தில் உட்காரவில்லை. நிற்க வேண்டிய வயதில் நிற்கவில்லை. நான்கு வயதில், சுவரைப் பிடித்து, விரல் நுனியில் நடந்தது. கழற்றிய வளையல்களை நர்ஸ் ஒரு பேப்பரில் சுற்றி என்னிடம் கொடுத்தாள். பிள்ளை பிறந்ததும் அந்த வளையலைப் பிரசவம் பார்த்தவளுக்கே கொடுத்துவிடுவது வழக்கம். “எனக்கு வேண்டாங்க” என்றாள்.

டாக்டர் வீட்டாரிடம் “நஞ்சு பிரிஞ்சிருச்சு” என்று மட்டும் சொன்னார். ஏன் பிரிந்தது என்பதை வீட்டார் அவரவர் வசதிக்குக் கண்டுபிடித்துக்கொண்டார்கள். அதில் தங்கையின் மாமியார் சொன்னது நிலைத்தது. ஆடி மாதம் கிரகணம் பிடித்த அன்று, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே படுத்திருக்க வேண்டியவள் கொல்லைக்குப் போனாளாம். “சொல்லச் சொல்லக் கேக்கல. பிள்ளைக்குக் கை காலு முடங்கிருச்சு” என்று விசேஷத்துக்கு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். தங்கை கேட்டுக்கொண்டே காபி கொடுப்பாள். நானும் கேட்டுக்கொண்டே காபி குடிப்பேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் புளுகு ஒன்பது வருடம் ஓடியது, சுமந்தவள் அவள் என்பதால்.

மூன்று மாதம் ஸ்கூட்டியைத் தொடாமல் இருந்தேன். பிறகு ஒருநாள் பஸ் வரவில்லை, எடுத்துவிட்டேன். மனசு அவ்வளவுதான். தங்கையிடம் ஒரு முறை, சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். “வேணாம்க்கா. சொல்லி என்ன ஆகப்போகுது?” என்றாள். இரண்டாவது முறை கேட்கவில்லை. வேண்டாம் என்று அவள் சொன்னது எனக்கு அவ்வளவு சௌகரியமாக இருந்தது.

ஒன்பதாவது வருடம் மாப்பிள்ளையின் தம்பி மனைவிக்கு வளைகாப்பு. அதே வாடிப்பட்டி, அதே முற்றம். பெண்கள் வரிசையாகப் போய்ச் சந்தனம் தடவி வளையல் போட்டுக்கொண்டிருந்தார்கள். தங்கையும் இரண்டு வளையலைக் கையில் எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றாள். அவள் முறை வந்ததும் மாமியார் பக்கத்தில் வந்து, கோபமாக இல்லை, தணிந்த குரலில்தான் சொன்னார்: “நீ வேணாம்மா. நீ போயி பந்தியப் பாரு.” தங்கை முகம் சுளிக்கவில்லை. வளையலைத் தட்டில் வைத்துவிட்டுத் திரும்பினாள். இது பழக்கம் என்பது போலத் திரும்பினாள். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

“கிரகணமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல!” என்று கத்தினேன். “நான்தான் அவள வண்டியில இருந்து கீழ போட்டேன். உளுந்துச் செடி மேல ஓட்டிப் போட்டேன். வளையல் ஒடஞ்சிருச்சுன்னு கடைக்குக் கூட்டிட்டுப் போயி வேற மாட்டிவிட்டேன். டாக்டர்ட்டயும் பொய் சொன்னேன். அவள ஒண்ணும் சொல்லாதீக.”

முற்றம் அப்படியே நின்றுவிட்டது. மணையில் உட்கார்ந்திருந்த பிள்ளைத்தாச்சிப் பெண் தன் கை வளையல்களைப் பார்த்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். பூத்தட்டை வலது கையில் வைத்துக்கொண்டு என் தங்கை மகள் என்னைப் பார்த்தாள். தூணருகே நின்ற மாப்பிள்ளை என்னைப் பார்க்கவில்லை. தன் மனைவியைப் பார்த்தார். “எங்கிட்டக்கூடவா சொல்லல?” என்று கேட்டுவிட்டு வெளியே போனார்.

தங்கை என் கையைப் பிடித்துக் கொல்லைப்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

“யாரக் கேட்டுச் சொன்ன?”

“ஒனக்காகத்தாண்டி. அவுக ஒன்னைய அப்பிடி...”

“எனக்காகன்னா அன்னைக்கு டாக்டரம்மாட்டச் சொல்லியிருக்கணும்” என்றாள். அவள் என்னிடம் குரல் உயர்த்தியதே இல்லை, அன்றும் உயர்த்தவில்லை. “இன்னைக்குச் சொன்னது ஒனக்காக. ஒனக்குப் பாரம் எறங்கிருச்சு. நான் புருசங்கிட்ட ஒம்பது வருசம் பொய் சொன்னவளா நிக்கிறேன். எதுலதான்க்கா நீ எங்கிட்டக் கேட்டுட்டுச் செஞ்சிருக்க?”

அன்றைக்கு ரோட்டில் நிப்பாட்டு என்று அவள் சொன்னபோதும் நான் கேட்கவில்லை. அந்த முற்றத்தில் இரண்டாவது முறை அவளைக் கீழே போட்டேன்.

மாப்பிள்ளை பம்புசெட் ரூம் படியில் உட்கார்ந்திருந்தார். திட்டுவார், திட்டட்டும் என்று போய் நின்றேன்.

“மதினி, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. கிரகணத்துக்கும் பாப்பாவுக்கும் ஒண்ணுமே இல்லையா?”

“இல்ல மாப்ள. விழுந்ததுனாலதான். நான் வாயத் தொறக்காததுனாலதான். டாக்டரே சொன்னாக.”

அவர் மழித்த தலையை முன்னும் பின்னும் தடவிக்கொண்டிருந்தார்.

“கிரகணத்தன்னைக்கு அவள வெளிய கூப்பிட்டது நான். மோட்டார் ஓடல. டார்ச் லைட்ட எடுத்துட்டு வாடீன்னு இங்கன நின்னு கூப்பிட்டேன். எங்கம்மா உள்ள இருந்து கத்துச்சு, அனுப்ப மாட்டேன்னு. நாந்தான், அதெல்லாம் சும்மா, நீ வான்னேன்.” பம்புசெட் ரூம் கதவைத் திரும்பிப் பார்த்தார். “எனக்கு அதுலயெல்லாம் நம்பிக்கை இல்ல மதினி. ஆனா பிள்ளை நொண்டுறதப் பாக்கயில நம்பாம இருக்க முடியல.”

சித்திரையில் ஒன்று, ஆடியில் ஒன்று, தையில் ஒன்று. அவர் வேண்டிக்கொண்டு போகிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அந்த மனிதர் மன்னிப்புக் கேட்கப் போயிருக்கிறார். நான் ஒவ்வொரு முறையும் வாசலில் நின்று அந்தத் தலையைக் கேலி செய்திருக்கிறேன்.

அன்று என்னை பஸ் ஸ்டாப்பில் விட யாரும் வரவில்லை. தங்கை மகள் மட்டும் தெருமுனை வரை விரல் நுனியில் கூடவே வந்தாள்.

“பெரிம்மா, அம்மா விழுந்தப்ப நானும் வண்டியில இருந்தேனா?”

“இருந்தம்மா.”

“எனக்கு அடி பட்டுச்சா?”

“ஆமாம்மா. பட்டுச்சு.”

அவள் தன் இடது கையை வலது கையால் தூக்கிப் பார்த்துக்கொண்டாள். “அம்மா மேல தப்பில்லன்னு அப்பத்தாட்ட நான் சொல்லிக்கிறேன்” என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

தங்கையும் மாப்பிள்ளையும் சில மாதம் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை என்று அம்மா மூலம் தெரிந்தது. பிறகு பேசினார்கள். என்னிடம் தங்கை இப்போதும் பேசுகிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிற அளவுக்கு. அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள். முன்பு அந்த வார்த்தைக்குப் பின்னால் ஒரு கதை வரும், இப்போது வருவதில்லை.

அடுத்த பங்குனியில் போயிருந்தபோது தங்கை மகள் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். உள்ளே மாப்பிள்ளை கண்ணாடி முன் நின்று சீப்போடு போராடிக்கொண்டிருந்தார். தையில் அவர் அழகர்கோவில் போகவில்லை. நெற்றிக்கு மேலே முடி சுருள் சுருளாக வந்திருந்தது, பாதி நரைத்து. என்னைக் கண்டதும் “வாங்க மதினி” என்றார். எப்போதும் போல ஏதாவது சொல்லுவேன் என்று காத்திருந்த மாதிரி இருந்தது. எனக்கு வாய் வரவில்லை.

“அப்பாவுக்குச் சுருட்ட முடி பெரிம்மா!” என்றாள் அவள், பெரிய ரகசியத்தைக் கண்டுபிடித்தவள் போல. “எனக்கே இப்பத்தான் தெரியும். ஒங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்மா” என்றேன். “நீ பொறக்கறதுக்கு முன்னாடி பாத்திருக்கேன்.”